ரோட்டைப் பார்த்து உட்கார்ந்த மாதா

எஸ்டேட் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட படத்தைப் பார்த்தேன். புதுசாகப் பெயின்ட் அடித்த மாதா. நீலச் சேலை, வெள்ளை முக்காடு. அவள் மடியில் யார் வீட்டுக் குழந்தையோ உட்கார்ந்து பொக்கை வாயால் சிரிக்கிறது. எல்லோரும் கை கூப்பியிருந்தீர்கள். நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. "அக்கா போன் தண்ணியில விழுந்துருச்சா?" என்று ஒருவர் கிண்டல் வேறு.

படத்துக்குக் கீழே ஒரு கேள்வியும் இருந்தது. பீடத்தில் உள்ள பெயர்கள் அழிந்துவிட்டன, மறுபடி எழுதப் போகிறோம். மண்சரிவில் போன பதினோரு பேரோடு, சொரூபம் செய்த பொம்மைக்கார அத்தையின் மகள் பெயரையும் சேர்க்கலாமா? அவள் சாகவில்லை, அன்றைக்கு ஜீப்பில் ஏறிப் போனாள் என்றுதானே கேள்விப்பட்டோம்? கடைசியாகப் பார்த்தது நீங்கள்தான், நீங்களே சொல்லுங்கள் என்று என் பக்கம் தள்ளிவிட்டீர்கள்.

ஒரு வரியில் பதில் போட்டிருக்கலாம். பத்து நாளாக உட்கார்ந்து பார்க்கிறேன், அந்த ஒரு வரி வரவில்லை. அதனால் நீளமாக எழுதுகிறேன். படித்துவிட்டுத் திட்டத் தோன்றினால் திட்டுங்கள். இனிமேலும் தள்ளிப் போட எனக்கு வயசு இல்லை.

உங்களில் பாதிப் பேர் அந்தச் சரிவுக்குப் பிறகு எஸ்டேட்டுக்கு வந்தவர்கள். மாதாவைத் தெரியும், அத்தையைத் தெரியாது. அத்தை என்றால் இரத்த சொந்தம் இல்லை. லயத்து வரிசை வீடுகளில் எல்லோரும் யாருக்காவது அத்தைதான். புருஷன் செத்த பிறகு ஒரே மகளோடு கீழ லயத்தின் கடைசி வீட்டில் இருந்தாள்; எங்கள் வீடு மேல லயத்தில். கொளுந்து பறிக்கப் பேர் கொடுத்தவளை, கலவையின் பதம் தெரிந்த கை என்பதால் கட்டிட வேலைக்குச் சித்தாளாக இழுத்துக்கொண்டார்கள். கிறிஸ்துமஸ் வந்தால் அவளுக்கு வேறு வேலை. ஓடைக்கரைச் செம்மண்ணைக் குழைத்து லயத்து வீடுகளுக்கெல்லாம் குடில் பொம்மைகள் செய்து தருவாள். ராஜாக்கள், மாடு, ஆடு. அவள் செய்யும் ஆடு ஒவ்வொன்றுக்கும் ஒரு காது மட்டும் மடங்கியிருக்கும். ஏன் என்று கேட்டால், "அது தூங்கி எந்திரிச்ச ஆடுட்டி" என்பாள்.

டேப் வைத்து அளக்க மாட்டாள். சாண், விரற்கடை, அவ்வளவுதான். என்னைப் பிடித்து நிறுத்தித் தோளுக்குத் தோள் சாண் போட்டுப் பார்த்துவிட்டு மகளையும் அளப்பாள். "ரெண்டு கழுதையும் ஒரே அளவு" என்பாள். உண்மைதான். ஒரே வயது, ஒரே உயரம், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அந்த வருஷம் இரண்டு பேரும் புது நன்மைக்குப் படித்துக்கொண்டிருந்தோம். முதல் பாவசங்கீர்த்தனம் செய்து, வெள்ளை கவுன் போட்டு, முதன்முதலாக நற்கருணை வாங்குவது. கவுனுக்காகவே நாங்கள் மந்திரங்களை மனப்பாடம் செய்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆடி மாதம். ஒரு வாரமாக மழை விடவில்லை. அன்று சனிக்கிழமை, ரோட்டோரக் கோவிலில் ஞானோபதேச வகுப்பு. மத்தியானம் அவள் வீட்டில் கப்பைக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, அவளும் நானும் மழைக்குப் போடும் ஒரே சாக்குக் கொங்காணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு மேலே ஓடி வந்தோம். அந்தக் கூத்தில் என் குடையை அவள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் விட்டுவிட்டேன். அப்பா போடிச் சந்தையில் வாங்கி வந்த புதுக் குடை. தொலையாமல் இருக்க அம்மா அதன் பிடியில் சிவப்பு நூல் சுற்றியிருந்தாள். "இதையும் தொலைச்சேன்னா தோலை உரிச்சிருவேன்" என்று அப்பா சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர்தான்.

அத்தை அன்றைக்கு ரோட்டில் கல்கட்டு வேலையில் இருந்தாள். எங்களைப் பார்த்ததும் கத்திச் சொன்னாள்: "கிளாஸ் முடிஞ்சு கீழ இறங்காதீங்கட்டி. ஓடை ஒரு மாதிரி இருக்கு. நான் வர்ற வரைக்கும் கோவில்லயே இருங்க." எங்கள் இருவருக்கும் நன்றாகக் கேட்டது.

வகுப்பு முடிந்து மற்ற பிள்ளைகள் போய்விட்டார்கள். பாடம் சொன்ன சிஸ்டரும் போய்விட்டார். கோவில் முகப்பில் நாங்கள் இரண்டு பேர். ஈர ஓட்டின் வாடையும் மெழுகுவர்த்தி வாடையும் இன்னும் மூக்கில் இருக்கிறது. எனக்குக் குடை ஞாபகம் வந்தது. அப்பாவும் ஞாபகம் வந்தார்.

"ஓடிப் போய் எடுத்துட்டு வாட்டி," என்றேன்.

"அம்மா போகக் கூடாதுன்னு சொல்லுச்சுல்ல."

"ஒன் வீட்டுலதான இருக்கு. எனக்கு அடி விழுந்தா ஒனக்கு என்ன? நீ சொகமா இரு."

அவளுக்கு ரோஷம் அதிகம். நான் அதைத் தெரிந்துதான் சொன்னேன். ஞானோபதேசப் புத்தகம் நனைந்துவிடும் என்று என் கையில் கொடுத்துவிட்டு, கொங்காணியைத் தலையில் போட்டுக்கொண்டு படிக்கட்டில் இறங்கினாள். திரும்பிப் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சத்தம் கேட்டது. இடி என்று முதலில் நினைத்தேன். இடி நின்றுவிடும், இது நிற்கவில்லை. பிறகு பச்சை வேரை உரித்தது போல ஒரு வாடை வந்தது. கோவில் முகப்பிலிருந்து பார்த்தால் கீழ லயத்தின் தகரக் கூரை எப்போதும் தெரியும். அன்றைக்கு அந்த இடத்தில் செம்மண் போய்க்கொண்டிருந்தது. ஆட்கள், "உருள் பொட்டிருச்சு, மண்ணு சரிஞ்சிருச்சு" என்று கத்திக்கொண்டு ஓடினார்கள்.

அத்தைதான் முதலில் என்னிடம் வந்தாள். கையெல்லாம் சிமென்ட். என் இரண்டு தோளையும் பிடித்தாள்.

"எங்கட்டி எம் மக?"

வீட்டுக்குப் போனாள் என்று சொன்னால் அடுத்த கேள்வி எது என்று எனக்குத் தெரியும். இறங்கக் கூடாது என்று சொன்னேனே, யார் அனுப்பினது?

"ரோட்டுப் பக்கம் போச்சு அத்தை. ஒரு ஜீப்புல ஏறுச்சு."

சத்தியமாகச் சொல்கிறேன், யோசித்துச் சொல்லவில்லை. சற்று முன்னால் ஒரு வெள்ளை ஜீப் போனது, அது வாயில் வந்துவிட்டது. அத்தை அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள். "என் மாதாவே, என் மாதாவே, எம் மக தப்பிச்சா" என்று தரையில் அடித்து அடித்து அழுதாள். அது சந்தோஷத்தில் அழுத அழுகை. அதைப் பார்த்த பிறகு எப்படி மாற்றிச் சொல்வது? ஒன்பது வயதில் எனக்குத் தெரியவில்லை. ஐம்பதிலும் தெரியவில்லை என்பது வேறு விஷயம்.

நாள் கணக்கில் தோண்டினார்கள். கொளுந்து பறிக்கிறவர்கள் மழைக்கு இடுப்பில் கட்டும் பிளாஸ்டிக் தாளில் சுற்றித்தான் உடல்களை மேலே கொண்டுவந்தார்கள். பதினோரு பேரும் கிடைத்தார்கள். பன்னிரண்டாவதாக ஒருத்தி உள்ளே இருக்கிறாள் என்று யாரும் தேடவில்லை. தேட வேண்டாம் என்று நான்தான் சொல்லிவிட்டேனே. தோண்டுவதை நிறுத்தினார்கள். போலீஸ் வந்து என்னிடம் கேட்டது. என்ன கலர் ஜீப்? வெள்ளை. யார் ஓட்டினது? தெரியாது. கேட்கக் கேட்கப் பதில் தானாக வளர்ந்தது. அத்தை என் வார்த்தையை நம்பிக்கொண்டு போடி, தேனி, பூப்பாறை என்று ஒவ்வொரு ஜீப் ஸ்டாண்டாக அலைந்தாள்.

தோண்டியபோது என் குடையும் கிடைத்தது. சிவப்பு நூலைப் பார்த்து அப்பா அடையாளம் கண்டு வாங்கி வந்தார். "இது அங்க எப்படிப் போச்சு?" என்றார். மத்தியானம் மறந்து வைத்துவிட்டு வந்தேன் என்றேன். அதுவாவது உண்மை. அப்பா என்னைக் கட்டிக்கொண்டார். அவர் என்னைக் கட்டிக்கொண்டது அதுதான் முதல் முறை. "எடுக்கப் போயிருந்தா இவளும் போயிருப்பா. மாதா மறக்க வெச்சுட்டா" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொரு ஜெபக்கூட்டத்திலும் அம்மா மாதா செய்த இந்தப் புதுமையைச் சாட்சியாகச் சொல்வாள். நானும் பக்கத்தில் முழங்காலில் நின்று ஆமென் சொல்வேன்.

சரிவுக்கு மேலே ரோட்டு வளைவில் வியாகுல மாதா சொரூபம் வைக்கலாம் என்று பேச்சு வந்தது. இறந்த ஆண்டவரை மடியில் கிடத்தியிருக்கும் மாதா. ரோடு ரோடாக அலைகிறவளுக்கு ஒரு வேலை கொடுத்த மாதிரியும் இருக்கும் என்று அத்தையையே கேட்டார்கள். பங்குச் சாமியார் ஒரு படம் கொடுத்தார். மலையாளத்துக்காரர், புதுசாக வந்தவர், தமிழைக் கவனமாகப் பேசுவார். செப்டம்பரில் வியாகுல மாதா திருநாள், அன்றைக்கே புது நன்மையும் வைத்து, சொரூபத்தையும் மந்திரித்துவிடலாம் என்றார்.

அத்தை பிளாஸ்டிக் தாளைக் கூரையாகக் கட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். கம்பியை வளைத்து எலும்புக்கூடு. அதன் மேல் கோழிவலை. சிமென்ட் பாலில் முக்கியெடுத்த சாக்கைச் சுற்றி, காய்ந்ததும் கலவை. பெரிய இடத்துக்குக் கொத்துக் கரண்டி, முகத்துக்கு வீட்டுச் சாப்பாட்டுக் கரண்டி, கண்ணுக்குக் கவாத்துக் கத்தியின் முனை. சிமென்ட் அரித்து விரல் இடுக்கெல்லாம் புண். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி கலவையில் கையை விடுவாள். வேலை செய்யும்போதும் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள்.

சரிவைப் பார்த்து மாதா உட்கார வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசியிருந்தார்கள், செத்தவர்கள் அங்கேதானே கிடந்தார்கள் என்று. அத்தை ரோட்டைப் பார்த்து உட்கார வைத்தாள். சரி போகட்டும் என்று விட்டார்கள். ஒரு நாள் காலையில் பார்த்தால், ஆண்டவருக்காக மடியில் கட்டியிருந்த கம்பிகளை ஆக்ஸா பிளேடால் அறுத்துப் போட்டிருந்தாள். மடி காலி. ஊரே கூடிவிட்டது.

"என்னம்மா இது? ஆண்டவர் எங்கே?" என்றார் சாமியார்.

"ஒரு தாய் மடியில பொணத்தை எங்கையால வைக்க மாட்டேன் சாமி."

"ஆண்டவர் இல்லாம இது வியாகுல மாதா இல்லையே."

"இல்லாட்டி போகட்டும். எம் மக வர்ற வரைக்கும் இவ மடி சும்மா கெடக்கட்டும்."

கங்காணி எகிறினார். "பதினோரு வீட்டுல எழவு விழுந்திருக்கு. ஒனக்கு மட்டும்தான் பிள்ளையா? ஒம் பிள்ளை உசுரோட போயிருக்கா, இவங்களுக்கு அதுவும் இல்ல." பீடத்தில் பதினோரு பெயரையும் அத்தைதான் ஆணியால் கீறினாள், பிழையில்லாமல். இப்படியே இருந்தால் மந்திரிக்க மாட்டேன், மதுரையிலிருந்து ஆள் வரவழைத்து உடைத்துச் சரி செய்வேன் என்று சாமியார் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். உடைக்க வந்தால் கட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பேன், என் மேல் அடிக்கட்டும் என்றாள் அத்தை. செய்யக்கூடியவள்தான்.

திருநாளுக்கு முந்தின நாள் எங்களுக்கு முதல் பாவசங்கீர்த்தனம். சின்னப் பாவங்களை வரிசையாக ஒப்பித்தேன். சர்க்கரை திருடினேன், அம்மாவை எதிர்த்துப் பேசினேன். "வேற?" என்றார் சாமியார். வேற என்று கேட்டதும் எல்லாம் கொட்டிவிட்டது. குடை, கொங்காணி, ஜீப், எல்லாம். கம்பித் தட்டி வழியாக எட்டிப் பார்த்தேன். சாமியார் முகத்தைக் கையால் மூடியிருந்தார்.

"மோளே, இதை நான் யார்கிட்டயும் சொல்லக் கூடாது. சாகிற வரைக்கும் கூடாது. நீதான் போய் அவங்ககிட்ட சொல்லணும். இன்னைக்கே சொல்லணும். சொல்வியா?"

சொல்கிறேன் என்றேன். ஐந்து அருள்நிறை மந்திரம் அபராதம் கொடுத்தார். சொல்லி முடித்துவிட்டு நேராக வளைவுக்குப் போனேன். சொல்லத்தான் போனேன். அதை மட்டுமாவது நம்புங்கள்.

அத்தை மடிக்குக் கடைசிப் பூச்சு பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. சரிவுக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

"நல்ல நேரத்துக்கு வந்தட்டி. ஏறு, ஏறி உக்காரு."

"அத்தை, ஒண்ணு சொல்லணும்..."

"மொதல்ல உக்காருட்டி, கலவை இறுகிரும். அவ அளவு ஒங்கிட்டதான இருக்கு."

என்னைத் தூக்கி மாதாவின் மடியில் வைத்தாள். ஒரு சாக்கை விரித்திருந்தாள். அதற்குக் கீழே கலவை சில்லென்று என் பாரத்துக்கு அமுங்கியது. ஈரம் பாவாடையில் ஊறி, தொடை காந்தத் தொடங்கியது. அத்தை என் முட்டியிலிருந்து இடுப்புக்குச் சாண் போட்டாள். மாதாவின் கை என் முதுகைத் தாங்குகிற மாதிரி விரல்களை ஒதுக்கிச் சரிசெய்தாள். அவள் மூச்சு என் கன்னத்தில் பட்டது, வெற்றிலை வாசனை.

"ஜீப்புல அவ முன்னாடி உக்காந்தாளா, பின்னாடி உக்காந்தாளாட்டி?"

இதற்குத்தான் நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. அவள் கண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

"முன்னாடி, அத்தை."

"முன்னாடியா," என்று திருப்திப்பட்டுக்கொண்டாள். "அப்ப ரோடு தெரிஞ்சிருக்கும். வழி மறக்க மாட்டா."

பாவம் போக்கிக்கொண்டு வந்த அதே அரை மணி நேரத்தில் மறுபடி பொய். மறுநாள் அந்த நாக்கில்தான் நற்கருணை வாங்கினேன். சாமியார் என் முன்னால் வந்ததும் ஒரு நிமிஷம் நின்றார். என் முகத்தைப் பார்த்தாலே தெரிந்திருக்கும், நான் சொல்லவில்லை என்று. கொடுத்துவிட்டு நகர்ந்தார். பூசை முடிந்ததும் எல்லோரும் பயந்துகொண்டே அவர் பின்னால் வளைவுக்குப் போனோம். கங்காணி கடப்பாரையோடு இரண்டு ஆட்களைத் தயாராக வைத்திருந்தார். சாமியார் காலி மடியைப் பார்த்தார். தீர்த்தத்தைத் தெளித்தார். மந்திரித்துவிட்டார்.

"சாமியார் மனசு இளகிட்டாரு" என்றார்கள். "தாயோட கண்ணீரு கரைச்சிருச்சு" என்றார்கள். அவர் அத்தையின் பக்கம் கடைசி வரைக்கும் திரும்பவே இல்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை. அடுத்த வருஷமே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டார். மனசாட்சியை ஒரு ஒன்பது வயதுப் பிள்ளையின் கையில் கொடுத்துவிட்டு, அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பியதுதான் அவர் செய்த தப்பு. அவரையும் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

முதலில் யார் தன் பிள்ளையை அந்த மடியில் உட்கார வைத்தார்கள் என்று தெரியாது. குழந்தைக்கு ஒரு பள்ளம் மாதிரி கச்சிதமாக இருக்கிறது, விழாது. அத்தை தடுக்கவில்லை. இப்போது காய்ச்சல் வந்த பிள்ளை, பேச்சு வராத பிள்ளை, பள்ளிக்கூடம் சேர்க்கப் போகிற பிள்ளை, எல்லாம் அங்கே ஒரு முறை உட்கார்ந்து எழுந்தாக வேண்டும். நம் பிள்ளைகளுக்காகத்தான் மாதா மடியைக் காலியாக வைத்திருக்கிறாள் என்கிறார்கள். என் மகள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று கூப்பிட்டபோதெல்லாம் முட்டி வலி, பஸ் இல்லை, மழை வருகிறது என்று சாக்குச் சொன்னேன். அந்தப் பள்ளம் என் பாரத்தில் விழுந்த பள்ளம்.

நான் கல்யாணமாகி வண்டன்மேட்டுக்கு ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டேன். கிறிஸ்துமஸுக்கு அம்மா வீட்டுக்கு வரும்போதெல்லாம் அத்தை வருவாள். தோளுக்குத் தோள் சாண் போட்டுப் பார்ப்பாள், இடுப்பை அளப்பாள். "தொப்பை வெச்சுட்டட்டி," என்பாள். கிழவிக்குப் பழக்கம் விடவில்லை என்று நாங்கள் சிரிப்போம். சாயங்காலம் கடைசி ஜீப் போகிற வரைக்கும் மாதா பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள்.

அவள் செத்த செய்தி வந்து போனேன். உடுத்திவிட நல்ல சேலை இருக்கிறதா என்று பெண்கள் தகரப் பெட்டியைத் திறந்தார்கள். சேலை ஒன்று இரண்டுதான் இருந்தது. மீதி எல்லாம் கையால் தைத்த துணி. அடியில் ஒரு வெள்ளை கவுன், புது நன்மைக்கு. அதற்கு மேல் பாவாடை, தாவணி, ரவிக்கை, கொஞ்சம் பெரிய ரவிக்கை, இன்னும் பெரிய ரவிக்கை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு நைட்டி. வருஷத்துக்கு ஒன்று. ஒன்றுகூட உடுத்தாதது.

"இதெல்லாம் ஒன் அளவால்ல இருக்கு?" என்றாள் ஒருத்தி என்னைப் பார்த்து. வெளியே போய் வாந்தி எடுத்தேன். தோட்டத்தில் பூச்சிமருந்து அடித்த வாடை ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். அதையும் நம்பினார்கள்.

இதுதான் நடந்தது. நம்பாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். அவள் என் கையில் கொடுத்த ஞானோபதேசப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது. முதல் பக்கத்தில் அத்தை பென்சிலால் ஒரு ஆடு வரைந்திருக்கிறாள், ஒரு காது மடங்கினது. மகளுக்குப் புத்தகம் மாறிப் போகக் கூடாது என்று போட்ட அடையாளம். புத்தகம் நனையவில்லை.

பெயரைச் சேர்க்கலாமா என்று கேட்டீர்கள். சேருங்கள். முன்பக்கம் இடம் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். முன்பக்கம் வேண்டாம், பின்னால் எழுதுங்கள், சரிவைப் பார்த்த பக்கம். அவள் அங்கேதான் கிடக்கிறாள். மாதா பெற்ற பிள்ளைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். அப்படி உட்கார வைத்தது நான்.